கேட்பார்கள், சொல்ல மாட்டார்கள்

திருநங்கையரின் தன்வரலாறுகளை வகுப்பில் வாசிக்கக் கொடுத்தால், மாணவிகள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா'வில் அந்த இடம் கடப்பா. ஏ. ரேவதியின் 'வெள்ளை மொழி'யில் அது திண்டுக்கல். திருநங்கையர் 'நிர்வாணம்' என்று அழைக்கும் அறுவை நடந்த ஊர்கள் அவை. அந்தப் பக்கங்கள் வந்ததும் அதற்கு முன்னால் வாசித்தது மறந்துபோகிறது. வீட்டில் வாங்கிய அடி, கடைத்தெருவில் கைதட்டிக் கேட்ட காசு, காவல் நிலையம், வேலை தேடி அலைந்தது எல்லாமே அந்த ஒரு நாளுக்கு ஏறும் படிக்கட்டுகளாகிவிடுகின்றன. திரைப்படங்களும் பத்திரிகைப் பேட்டிகளும் இதையேதான் செய்கின்றன. ஒரு வெட்டு, உடனே ஒரு பிறப்பு.

அந்த நாளைப் பற்றி இங்கே நான் எழுதவில்லை. அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி எழுதுகிறேன். அந்த மாதங்களில் ஒரு திருநங்கை அல்லது திருநம்பி என்ன விழுங்குகிறார், யாரிடம் என்ன கேட்கிறார், அவரிடம் யார் என்ன கேட்கிறார்கள், என்ன சொல்லாமல் விடுகிறார்கள் என்பது பெண்ணியத்துக்கு நெருக்கமான கேள்வி. அறுவை மேசையில் இருப்பவர் மயக்க மருந்தின் கீழ் இருக்கிறார். அவருடைய சம்மதம் மதிக்கப்பட்டதா இல்லையா என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

இரண்டு நூல்களில் ஓர் இடைவெளி

இந்த இரண்டு நூல்களையும் அந்தக் கோணத்திலிருந்து வாசித்தால் ஓர் இடைவெளி கண்ணில் படும். அறுவைக்கு முன்னால் அவற்றில் நிறைய இடம் பிடிப்பது பணம், குருவின் சம்மதம், பயணம், பயம். அறுவைக்குப் பின்னால் இடம் பிடிப்பது வலி, நாற்பது நாள் கட்டுப்பாடு, பால் ஊற்றும் சடங்கு. மருத்துவ ஆயத்தம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. எந்த மருந்து உடம்பில் என்ன செய்யும், எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும், பின்னால் யாரிடம் போக வேண்டும் என்று உட்கார்ந்து பேசும் ஒரு மருத்துவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எழுதியவர்களின் மறதி இதற்குக் காரணமில்லை. இருவரும் நுணுக்கமாகப் பார்க்கிறவர்கள். மருத்துவமனை அறையின் அழுக்கைக்கூட விட்டுவைக்காதவர்கள். நடக்காத உரையாடலை அவர்கள் எப்படி எழுத முடியும்? 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 320ஆம் பிரிவில், 'கொடுங்காயம்' எவை என்று வரிசைப்படுத்தியபோது முதலாவதாக வைத்தது ஆண்மையிழக்கச் செய்வதை. அந்தச் சட்டத்தின் நிழலில், பின்வாசல் வழியாக, ரொக்கமாகப் பணம் வாங்கிக்கொண்டு நடந்த அறுவை அது. கோப்பு இருக்காது, மறுவருகைச் சீட்டு இருக்காது. தாயம்மா கையால் நடந்த பழைய முறையோடு ஒப்பிட்டால் மருத்துவரின் கத்தி பாதுகாப்பானது என்பது மட்டுமே அன்றைக்குக் கிடைத்த ஆறுதல்.

சமூகம் அந்த இடைவெளியைத் தன்னிடம் இருந்ததைக் கொண்டு நிரப்பியது. எப்போது சாப்பிடக் கூடாது, எப்போது குளிக்கக் கூடாது, கண்ணாடி பார்க்கலாமா, பால் குடிக்கலாமா என்று மூத்தவர்கள் விதித்த விதிகளை மாணவிகள் மூடநம்பிக்கை என்று எழுதிக்கொண்டு வருவதுண்டு. நான் அதைக் கொஞ்சம் மாற்றி வாசிக்கச் சொல்வேன். மருத்துவம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அனுப்பிய உடம்பை, தெரிந்த அளவுக்குப் பேணிய பெண்களின் செவிவழி மருத்துவம் அது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைத்த பாட்டிகளும் இதே வேலையைத்தான் செய்தார்கள்.

ஒரே மாத்திரை அட்டை

நான் திருநங்கை அல்ல. நாற்பத்தாறு வயதில் கருப்பைக் கட்டிகளுக்காக எனக்கு அறுவை நடந்தது. கருப்பையோடு இரண்டு சூலகங்களையும் எடுத்தார்கள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. இரவில் தலையணை நனைந்துபோகும். மருத்துவர் எஸ்ட்ராடியால் வேலரேட் இரண்டு மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நான் உண்மையிலேயே பெண்தானா என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த வருடம் செல்வி என் வீட்டுக்கு வந்திருந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். என்னிடம் படித்தவள் இல்லை; ஒரு நூல் அறிமுகக் கூட்டத்தில் பழக்கமாகி, 'அக்கா' என்று கூப்பிடும் அளவுக்கு நெருங்கியவள். மேசைமேல் கிடந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அதே மருந்து, அதே மில்லிகிராம். "உங்களுக்கு இது எத்தனை நாள்ல கெடச்சுது அக்கா?" என்றாள். அவளுக்கு அது கிடைக்க ஏழு மாதம் ஆகியிருந்தது. இரண்டு மனநல மருத்துவர்கள், இரண்டு கடிதங்கள், ஒவ்வொரு முறையும் வேறு ஊரிலிருந்து பேருந்துப் பயணம், ஒவ்வொரு முறையும் விடுப்பு.

அன்றைக்கு நாங்கள் இருவரும் பேசிப் பேசி ஒரு கணக்குப் போட்டோம். என்னிடம் எதையும் கேட்கவில்லை. எதையும் சொல்லவும் இல்லை. சூலகத்தை எடுக்காமல் விட்டிருக்க முடியுமா, இந்த மாத்திரையை எத்தனை வருடம் சாப்பிட வேண்டும், எலும்புக்கு என்ன ஆகும், கால் வீங்கினால் ஏன் உடனே ஓடிவர வேண்டும் என்பதெல்லாம் நான் பிறகு தேடிப் படித்தவை. செல்வியிடம் எல்லாவற்றையும் கேட்டார்கள். அவளுக்கும் எதையும் சொல்லவில்லை. கேட்பதில்தான் எங்கள் இருவருக்கும் வேறுபாடு. சொல்லாமல் விட்டதில் இருவரும் ஒன்றுதான்.

என்ன கேட்கிறார்கள்

சிறுவயதில் பொம்மை வைத்து விளையாடினாயா. அம்மாவின் புடவையைக் கட்டிப் பார்த்தாயா. உட்கார்ந்து சிறுநீர் கழிப்பாயா. யார்மேல் ஆசை வரும். சமைக்கத் தெரியுமா. செல்வியிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் சில இவை. வழக்கமாக அவள் ஜீன்ஸும் குர்தாவும் போடுகிறவள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் மட்டும் புடவை, பூ, பொட்டு. ஜமாத்தில் அவளுடைய மூத்தவர்கள் அப்படித்தான் போகச் சொல்லியிருந்தார்கள். எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் கடிதம் கிடைக்கும் என்பதும் அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

இந்த நாடகத்துக்கு வயது அதிகம். 1966இல் அமெரிக்காவில் ஹாரி பெஞ்சமின் என்ற மருத்துவர் மாறிய பாலினத்தவரைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். மருத்துவமனைகள் அதை வைத்துக்கொண்டுதான் யாருக்கு அறுவை செய்யலாம் என்று முடிவு செய்தன. சாண்டி ஸ்டோன் என்ற திருநங்கை அறிஞர் பின்னால் ஒரு கட்டுரையில் இதன் வேடிக்கையைக் காட்டினார். வந்த நோயாளிகள் எல்லோருடைய வாழ்க்கைக் கதையும் அந்த நூலில் உள்ள கதையோடு அச்சு அசலாகப் பொருந்தியது. நூல் எவ்வளவு சரியானது என்று மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். நோயாளிகளும் அதே நூலைப் படித்துவிட்டு வருகிறார்கள் என்பது அவர்களுக்கு உறைக்கப் பல காலம் ஆனது.

நம்முடைய தன்வரலாறுகளுக்கும் இப்போது இந்த ஆபத்து உண்டு. கடிதம் வாங்கப் போகும் இளம் திருநங்கைக்கு வித்யாவின் வாழ்க்கையோ ரேவதியின் வாழ்க்கையோ மாதிரி விடைத்தாள் ஆகிவிடக்கூடும். தன் வாழ்வை மீட்டெடுக்க எழுதப்பட்ட பிரதி இன்னொருத்தி ஒப்பிக்க வேண்டிய பாடமாவது அந்த நூல்களுக்குச் செய்யும் அநீதி. அவற்றை வாசிக்கக் கொடுக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்கள் இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

உலக அளவிலான வழிகாட்டுதல்கள் மாறிக்கொண்டுதான் வருகின்றன. மாறிய பாலினத்தவர் உடல்நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கம் வெளியிடும் பராமரிப்புத் தரநிலையின் ஏழாம் பதிப்பு, பிறப்புறுப்பு அறுவைக்கு இரண்டு கடிதங்களும் பன்னிரண்டு மாத ஹார்மோன் சிகிச்சையும் தேவை என்றது. 2022இல் வந்த எட்டாம் பதிப்பு ஒரு கடிதம் போதும் என்றது. ஹார்மோன் காலத்தையும் ஆறு மாதமாகக் குறைத்தது. ஹார்மோன் வேண்டாதவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அதுவும் கட்டாயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு, 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, இதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துப் பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்துக்கு மாற்றியது. செல்வி இரண்டாவது கடிதத்துக்காக அலைந்தது இவையெல்லாம் நடந்து முடிந்த பிறகு.

என்ன சொல்ல வேண்டும்

கேட்ட கேள்விகளின் நேரத்தில் பாதியைச் சொல்வதற்குச் செலவிட்டிருந்தால் என்னென்ன சொல்லியிருக்கலாம்? மாணவிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இதில் பாதி அவர்களுடைய உடம்புக்கும் பொருந்தும்.

முதலில், எல்லாப் பெண் ஹார்மோன் மாத்திரையும் ஒன்றல்ல. நம் நாட்டில் பல தலைமுறைத் திருநங்கையர் கருத்தடை மாத்திரையைத்தான் ஹார்மோனாக விழுங்கியிருக்கிறார்கள். மலிவு, சீட்டில்லாமல் கிடைக்கும், யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த மாத்திரைகளில் இருப்பது பெரும்பாலும் எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அதன் அளவு மிகச் சிறியது. சீக்கிரம் மார்பு வளர வேண்டும் என்று ஒரே நாளில் நான்கைந்தாக விழுங்கினால், காலின் ஆழ்நரம்புகளில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 1990களிலேயே தங்கள் நோயாளிகளிடம் இதைக் கண்டு அந்த மருந்தைக் கைவிட்டார்கள். இன்றைய வழிகாட்டுதல்கள் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன. எஸ்ட்ராடியாலை மாத்திரையாகவோ தோலில் ஒட்டும் பட்டையாகவோ களிம்பாகவோ ஊசியாகவோ தருகின்றன. நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் உறைகட்டி ஆபத்து உள்ளவர்களுக்கும் பட்டையும் களிம்பும் பாதுகாப்பானவை.

இரண்டாவது, ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்துகள். ஸ்பைரனோலாக்டோன் உண்மையில் இரத்த அழுத்தத்துக்கும் நீர்க்கோவைக்குமான மாத்திரை. நீர்க்கட்டிப் பிரச்சினையால் முகத்தில் முடி வளரும் பெண்களுக்கும் அதைத் தருகிறார்கள். அது இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும் என்பதால் அவ்வப்போது பரிசோதனை வேண்டும். சைப்ரோடெரோன் இன்னொன்று. அதிக அளவில் நீண்டகாலம் எடுத்தால் மூளையுறைக் கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டு, 2020இல் ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு முகமை அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை என்பது பொதுவான பரிந்துரை. இவற்றைச் சொல்லாமல் மாத்திரை எழுதித் தருவது அரைகுறை வேலை.

மூன்றாவது, திருநம்பிகளுக்கு. டெஸ்டோஸ்டெரோன் ஊசி தொடங்கிய சில மாதங்களில் பெரும்பாலும் மாதவிடாய் நின்றுவிடும். ஆனால் அது கருத்தடை ஆகாது. குரல் ஒருமுறை உடைந்தால் ஊசியை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் அடர்த்தி கூடும். அதை அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை பெறும் விருப்பம் பிற்காலத்தில் வரலாம் என்று நினைப்பவர்களிடம், அவர்கள் திருநங்கையராக இருந்தாலும் திருநம்பிகளாக இருந்தாலும், உயிரணுச் சேமிப்பைப் பற்றி ஹார்மோன் தொடங்குவதற்கு முன்பே பேச வேண்டும்.

நான்காவது, அறுவைக்கு முந்தைய வாரங்கள். பிறப்புறுப்புத் தோலைக் கொண்டு யோனி அமைக்கும் அறுவையானால் அந்தத் தோலிலுள்ள முடியை வேரோடு நீக்க வேண்டியிருக்கும். பல மாத இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை அது. விட்டால் முடி உள்ளே வளரும். புகை பிடிப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். வெட்டித் தைத்த தோல் ஒட்டாது. ஈஸ்ட்ரோஜனை இரண்டிலிருந்து நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது பழைய வழக்கம், உறைகட்டிக்குப் பயந்து. ஆனால் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையிலிருந்து 2021இல் வந்த ஆய்வு ஒன்று, ஈஸ்ட்ரோஜனைத் தொடர்ந்தவர்களுக்கு நிறுத்தியவர்களைவிட உறைகட்டி கூடுதலாக வரவில்லை என்று காட்டியது. சில மருத்துவமனைகள் இப்போது நிறுத்தச் சொல்வதில்லை. சில இன்னும் சொல்கின்றன. எந்த மருத்துவர் எதைச் சொன்னாலும் ஏன் என்று விளக்க வேண்டும். செல்வியை ஒரு மாதம் நிறுத்தச் சொன்னார்கள். அந்த மாதம் உடம்பு கொதிக்கும், தூக்கம் போகும், காரணமில்லாமல் அழுகை வரும், அறுவைக்குப் பின் இது சரியாகும் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. சூலகம் எடுத்தவள் என்பதால் நான் சொன்னேன்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, அறுவைக்குப் பின்னாலும் ஹார்மோன் முடிவதில்லை என்பது. விதைகளை அகற்றிய பிறகு ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்து தேவைப்படாது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் தேவை. உடம்பில் இரண்டு ஹார்மோனும் இல்லாத நிலை நீடித்தால் எலும்பு மெலியும். நிர்வாணம் முடிந்தது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிட்டு, ஐம்பது வயதில் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் மூத்த திருநங்கையரைப் பற்றி நாம் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறோம்? அறுவை நாளோடு கதையை முடித்துவிடும் வாசிப்பு இங்கேதான் ஆபத்தாகிறது. அந்த நாளை முடிவு என்று நம்பினால் அதற்குப் பின் மருத்துவரிடம் போகக் காரணமே இருக்காது.

யாருடைய சம்மதம்

இந்த இடத்தில் சிலர், உயிருக்கு ஆபத்துள்ள சிகிச்சை என்றால் கடிதங்களும் கேள்விகளும் இருப்பது நல்லதுதானே என்பார்கள். பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறார்கள் என்றால், பாதுகாப்பு எங்கெல்லாம் தேவையோ அங்கெல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூட்டங்கூட்டமாகக் கருப்பையை இழந்திருந்தார்கள். மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவார். வெள்ளைப்படுதலுக்கு மருத்துவரிடம் போனால் கருப்பையை எடுத்துவிடு, புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துவார். 2019இல் அரசு அமைத்த குழு கணக்கெடுத்தபோது, அந்த மாவட்டத்தில் மட்டும் கருப்பை அகற்றப்பட்ட கரும்புத் தொழிலாளிப் பெண்கள் பதின்மூன்றாயிரத்துக்கு மேல். அவர்களில் ஒருத்தியிடமும் மனநல மருத்துவரின் கடிதம் கேட்டிருக்க மாட்டார்கள். அதே கருப்பையை எடுக்கச் சொல்லி ஒரு திருநம்பி வந்தால்தான் கடிதம், காத்திருப்பு, குடும்பத்தின் கையெழுத்து எல்லாம்.

குழந்தைகளைப் பாருங்கள். இடைப்பாலினக் கூறுகளோடு பிறந்த சிசுக்களை, பேச்சு வருவதற்கு முன்பே, ஆணாகவோ பெண்ணாகவோ வெட்டிச் சரிசெய்து வந்தது இதே மருத்துவம்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அதைக் கண்டித்துத் தீர்ப்பளித்த பிறகு, அந்த ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, அத்தகைய அறுவைகளைத் தடை செய்தது. கேட்கவே முடியாத குழந்தையின் உடம்பை வெட்டத் தயங்காதவர்கள், கேட்டுக்கொண்டு வரும் வளர்ந்த பெண்ணின் வார்த்தையை நம்பத் தயங்கினார்கள்.

ஆகவே இந்தக் கேள்விகள் காப்பது நோயாளியின் உடம்பை இல்லை. ஆண் என்றால் இது, பெண் என்றால் இது என்ற ஒழுங்கைக் காக்கின்றன. அந்த ஒழுங்குக்குள் பொருந்தச் செய்யும் அறுவைக்குச் சம்மதம் கேட்பதில்லை. அந்த ஒழுங்கைக் கடக்கும் அறுவைக்கு எவ்வளவு சம்மதம் கொடுத்தாலும் போதவில்லை.

பெண்கள் இயக்கம் இதற்கு முன்பே ஒரு வழி காட்டியிருக்கிறது. 1985இல் ஐதராபாத்துக்கு அருகில் படான்செருவில், நெட்-என் என்ற கருத்தடை ஊசியைச் சோதிக்க ஏழைப் பெண்களை வரவழைத்தார்கள். அது சோதனை என்பதே வந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஸ்திரீ சக்தி சங்கடனா தோழிகள் அங்கே போய்க் கேள்வி எழுப்பினார்கள். அடுத்த ஆண்டு பிற பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அதில் அவர்கள் வலியுறுத்தியது தகவலும், பக்க விளைவுகளைக் கண்காணிக்கும் ஏற்பாடும். ஊசி போட்டுக்கொள்ளும் பெண் நல்ல மனைவியா, ஒழுக்கமானவளா என்று ஆராய்ந்து சான்றிதழ் கொடுங்கள் என்று ஒரு பெண்ணியவாதியும் கேட்டதில்லை. ஹார்மோனைப் பற்றிய பெண்ணியக் கோரிக்கை நாற்பது ஆண்டுகளாக ஒன்றுதான். அதைத் திருநங்கையருக்கும் திருநம்பிகளுக்கும் நீட்டிப்பதில் புதிதாக எந்தக் கோட்பாடும் தேவையில்லை.

நம்மிடையே ஒரு தயக்கம்

பெண்ணியத்துக்குள்ளேயே ஒரு மறுப்பு உண்டு. 1979இல் அமெரிக்கப் பெண்ணியவாதி ஜானிஸ் ரேமண்ட், இந்த அறுவைகள் ஆண்கள் நடத்தும் மருத்துவம் செய்து தரும் போலிப் பெண்மை என்றும், பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற பழைய அச்சையே அவை உறுதிப்படுத்துகின்றன என்றும் ஒரு நூல் முழுக்க வாதிட்டார். சாண்டி ஸ்டோனின் கட்டுரை அதற்கான பதிலாகத்தான் எழுதப்பட்டது. நம் கூட்டங்களிலும் இது வேறு சொற்களில் கேட்கிறது: "நாம பூவையும் பொட்டையும் கழட்டிட்டு வர்றோம், அவங்க அதையே தேடிப் போறாங்களே."

செல்வி எந்த நாளில் பூ வைத்தாள் என்பதை நினைவில் வையுங்கள். கடிதம் வாங்கப் போன நாளில். அந்த அச்சு மருத்துவரின் மேசைமேல் இருந்தது. அதை உடைக்க வேண்டும் என்றால், பொருந்திக் காட்டியவளை விட்டுவிட்டு அந்த மேசையைத்தான் கேள்வி கேட்க வேண்டும். புடவையும் பூவும் பிடித்த திருநங்கையரும் உண்டு, பிடிக்காதவர்களும் உண்டு, நம்மைப் போலவே.

பிறகு வருந்தினால் என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி. வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை இல்லாதவர்களாக்கிப் பேசுவது நேர்மையில்லை. ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனைக்கு 1972 முதல் 2015 வரை வந்த 6,793 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், சுரப்பிகளை அகற்றும் அறுவை செய்துகொண்டவர்களில் வருந்தியவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, விளக்கி, உடன் நிற்கும் ஓர் அமைப்பில் கிடைத்த எண் அது. வருத்தத்தைக் குறைக்க விரும்புகிறவர்கள் அந்த அமைப்பைத்தான் கேட்க வேண்டும்.

சட்டம் சொன்னதும் நடப்பதும்

2014இல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பாலினத்தை ஏற்க அறுவையை நிபந்தனையாக்குவது முறையற்றது, சட்டவிரோதமானது என்றது. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாறிய பாலினத்தவர் பாதுகாப்புச் சட்டம் தன்னடையாள உரிமையை நான்காம் பிரிவில் தந்தது. ஏழாம் பிரிவில், ஆண் அல்லது பெண் என்று சான்றிதழ் திருத்த வேண்டுமானால் அறுவைக்கான மருத்துவச் சான்று கேட்டது. அறுவை வேண்டாதவரையும் சான்றிதழுக்காக அறுவை மேசைக்குத் தள்ளும் ஏற்பாடு அது. வேண்டுமென்று வருபவரைக் காக்கவைப்பதும் வேண்டாதவரைத் தள்ளுவதும் ஒரே சட்டத்தின் காலத்தில் நடந்தன.

அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு, அறுவைக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் வசதி செய்வதையும், முன்னும் பின்னும் ஆலோசனை வழங்குவதையும், காப்பீட்டையும் அரசின் கடமையாக்கியது. தமிழ்நாடு அதற்கு வெகு முன்பே, 2008இல், திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. அரசு மருத்துவமனைகளில் இலவச அறுவையும் வந்தது. இவை சாதாரண வெற்றிகள் அல்ல. கடப்பாவுக்கு ரயிலேற வேண்டியிராத ஒரு தலைமுறை இதனால் உருவானது. ஆனால் அறுவையை இலவசமாக்குவது ஒரு அரசாணையில் முடியும். அதற்கு முன்னும் பின்னும் வேண்டிய உரையாடலுக்கு நேரமும் பயிற்சியும் உள்ள ஆட்கள் வேண்டும்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் அனன்யா குமாரி அலெக்ஸின் வாழ்வு சாட்சி. வானொலித் தொகுப்பாளராக அறியப்பட்ட அவர், 2020இல் செய்துகொண்ட அறுவைக்குப் பின் ஓயாத வலியில் இருப்பதாகவும் நிற்கவோ வேலை செய்யவோ முடியவில்லை என்றும் வெளிப்படையாகப் பேசினார். 2021 ஜூலையில் அவர் இறந்துகிடந்தார். அவருடைய பேட்டிகளில் அறுவையை விரும்பியதற்காக வருந்தும் ஒரு பெண்ணை நான் கேட்கவில்லை. தனக்கு என்ன நடந்தது என்று யாரும் விளக்கவில்லை என்று கோபப்படும் ஒரு பெண்ணைக் கேட்டேன்.

நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. வாழ்க்கைக் கதையை ஒப்பிக்கச் சொல்லும் கடிதமுறை போக வேண்டும். அந்த நேரத்தில் மருந்து, ஆபத்து, மாற்றுவழி, பின்பராமரிப்பு ஆகியவற்றை நோயாளியின் மொழியில், தமிழில், எழுத்தில் தர வேண்டும். மாவட்ட மருத்துவமனையிலேயே ஹார்மோன் அளவைச் சோதிக்க வழி வேண்டும். அறுவை முடிந்து பத்து வருடம் ஆன திருநங்கைக்கும் எலும்புப் பரிசோதனை கிடைக்க வேண்டும். கருப்பை எடுக்கப்பட்ட என்னைப் போன்ற பெண்ணுக்கும் அதே தாள், அதே மொழியில் கிடைக்க வேண்டும்.

அடுத்த முறை வித்யாவையோ ரேவதியையோ வாசிக்கும் மாணவி, கடப்பாவுக்கும் திண்டுக்கல்லுக்கும் முந்தைய பக்கங்களில் கொஞ்சம் நின்று பார்க்கட்டும். அங்கே சொல்லப்படாமல் போனது என்ன என்று ஒரு பட்டியல் போடட்டும். பிறகு தன் அம்மாவின் மருந்துச் சீட்டை எடுத்து, அந்தப் பட்டியலோடு வைத்துப் பார்க்கட்டும்.